தெளிஞ்ச கிளாஸ் ஒண்ணு பாக்கி

மொதல்ல வம்புக்கு வந்தது அழகிரிசாமிதானுங்க. நானில்லீங்க. உக்காருங்க, உக்காருங்க... சூலூர் பஸ்ஸுதானுங்க இது. பையை மடியில வெச்சுக்குங்க. அது என்ற கீரைக்கூடை, காலி, மிதிச்சாலும் பரவால்லீங்க. ஆங்... அழகிரிசாமி! அந்த மனுசன் எனக்கு ஒரு கிளாஸ் குடுக்கோணுமுங்க. ஒரு கிளாஸு, ஒரு மார்க்கு. பதினோரு நாளாச்சு. ரெண்டும் வரலீங்க.

சிரிக்கிறீங்க. சிரிங்க. கேட்டுப்போட்டுச் சிரிங்க.

சிங்காநல்லூர்ல ஒரே மில்லுங்க நாங்க, முப்பது வருசம். அவுரு ஆபீசுல டைம் கீப்பரு, நானு உள்ள நூல் மிசினு. அப்பவே ரெண்டு நிமிசம் லேட்டுன்னு என்ற அரை நாளை வெட்டுன மனுசன் அவுரு. அது எண்பத்தெட்டுல. அதை நான் மறந்துட்டேனுங்க, உடுங்க. இப்ப அவுரு சிங்காநல்லூர்லயே மாடியூடு கட்டி உக்காந்துட்டாரு. நானு சூலூர்ல அரை ஏக்கரா கீரை. ஞாயித்துக்கெழமையானா அவரூட்டு ஹால்ல ஒட்டுக்கா உக்காந்து பேசுவோம். அவுரு, நானு, பக்கத்தூட்டு ஜபருல்லா பாயி.

அவரு புள்ள நவ்யாவுக்கு இங்கிலாந்துல வேலைங்க. நல்ல அம்மணி. அது மேல ஒரு குத்தமும் இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு இருக்குது, அப்புறமா சொல்றேன். லீவுக்கு வரயில ரெண்டு பாட்டலு கொண்டாந்துச்சு. பீரு மாதிரிதான், ஆனா பீருன்னா அதுக்குக் கோவம் வருது. "ஏலு, அங்கிள், இது ஏலு"ங்குது. சரி கண்ணு, ஏலுன்னே வெச்சுக்குவோம்.

அந்த ஊர்ல அதைக் குடிச்சுப்போட்டுச் சும்மா ஏந்திரிச்சுப் போகமாட்டாங்களாமா! போன்ல மார்க்குப் போடோணுமாமா. பத்துக்கு எத்தனை, எதனால, யாரு போட்டதுன்னு பேரோட. ஏலு காச்சுற ஆளே அதைப் படிப்பானாமா.

ஏனுங்க, நானு மூணாங்கிளாஸு. எனக்கு மார்க்குப் போட்டவங்கதான் ஊரெல்லாம். வாத்தியாரு போட்டாரு, மில்லுல மேஸ்திரி போட்டாரு, சம்பந்தி ஊட்டுக்காரங்க கூடப் போட்டாங்க. நானு இன்னொருத்தனுக்கு மார்க்குப் போடறது அதுதான் மொதத் தடவை. அதும் யாருக்கு? சீமைக்காரனுக்கு! ராசப்பன், சூலூருன்னு அவன் அங்க உக்காந்து படிப்பானில்லீங்களா? அன்னைக்கு நல்ல சட்டை போட்டுட்டுப் போனனுங்க.

நாக்கு விசயத்துல என்னைய அடிச்சுக்க ஆளில்லீங்க. சிறுவாணித் தண்ணியா, அத்திக்கடவுத் தண்ணியா, போர் தண்ணியா... கண்ணைக் கட்டிக் குடுங்க, சொல்லிப்போடறேன். அதனாலதான் நவ்யாவும், "அங்கிள் சொன்னாத்தான் சரியா இருக்கும்"னு மொதல்லயே சொல்லிப்போட்டுச்சு. அது அழகிரிசாமிக்குப் பொறுக்கலீங்க. மூஞ்சி சுருங்குச்சு. நான் பாத்தேன்.

கிளாஸ் வந்துச்சு. நவ்யா பாட்டலைத் தொறந்துச்சு. தொறந்ததும்... அது பொங்குச்சுங்க. ஏன் பொங்குச்சுன்னு இப்பக் கேக்காதீங்க. பொங்குச்சு. அவ்வளவுதான். மேல ஃபேன் வரைக்கும் போச்சு. அவரு வேட்டி, வெள்ளைச் சட்டை, போன தீபாவளிக்கு வாங்குன சந்தனக் கலரு சோபா... பாதிப் பாட்டலை அந்தச் சோபாதானுங்க குடிச்சுச்சு. அதுகிட்ட மார்க்குக் கேட்டிருந்தா பத்துக்குப் பத்து போட்டிருக்கும்.

மிச்சம் இருந்ததை ஊத்துனாங்க. மொதல்ல அவருக்கு. அப்புறம் புள்ளைக்கு. கடைசியா எனக்கு. அடிமண்டிங்க! வண்டல்! வாய்க்கால் தூர் வாருனாப்புல இருந்துச்சு. அப்பவும் கிளாஸைக் கையில எடுத்தேன். நாயமா மோந்து பாத்தேன். மாட்டுக்கு ஊறப்போட்ட பருத்திக்கொட்டை இருக்குதில்ல, அந்த வாசம். அதுக்குப் பொறகால லேசா ஆரஞ்சுத் தோலு. வாயில வெச்சேன். மொதல்ல கருப்பட்டி காந்துனாப்புல ஒரு இனிப்பு. அப்புறம் கசப்பு. சும்மா கசப்பில்லீங்க, சுண்டைக்காக் கசப்பு. முழுங்குன பொறகும் நாக்குல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குது. கடைசியா பல்லுல மண்ணு நறநறன்னுச்சு. நல்ல சரக்குதான், கலங்கிப் போச்சு. நாலரைன்னு சொன்னேன். நாக்குக்கு நாலு, அந்தப் புள்ள சுமந்துட்டு வந்ததுக்கு அரை.

அழகிரிசாமி எட்டுன்னாரு. புள்ள கொண்டாந்தா வெறுந்தண்ணிக்கே எட்டுப் போடுவாரு. ஜபருல்லா பாயி இருக்காரே, அவுரு குடிக்கவே மாட்டாருங்க, டீயோட சரி. மூடியை மட்டும் எடுத்து மோந்து பாத்துப்போட்டு, "வாசம் அருமை, ஏழு போட்டுக்கம்மா"ங்கறாரு. போட்டுக்கிச்சுங்க! போன்ல ஏறிருச்சு! வாயில படாத மனுசன் மார்க்கு சீமைக்குப் போயிருச்சு. நாக்குல வெச்சு, முழுங்கி, மண்ணைத் துப்புன என்ற மார்க்கு?

"அதை எழுதாத கண்ணு"ன்னாரு அழகிரிசாமி. "கெடுத்ததும் அவனே, கொறை சொல்றதும் அவனேவா? மொதல்ல தப்புன்னு ஒத்துக்கச் சொல்லு, அப்புறம் எழுதிக்கலாம்"னாரு. நவ்யா சிரிச்சுப்போட்டுச்சுங்க. அதுதான் அந்தப் புள்ள மேல இருக்கற ஒரே குத்தம். நானு ஏந்திரிச்சு வந்துட்டேன். கூப்பிடுவாருன்னு வாசல் கேட்டுப் பக்கத்துல சித்த நேரம் நின்னேன். கூப்படலீங்க.

என்ன... என்ன கெடுத்தேனா? ம்ம்.

சரிங்க. குலுக்குனேன். நவ்யா கிளாஸ் எடுக்கப் போயிருந்துச்சு, அழகிரிசாமி மூக்குக் கண்ணாடியைத் தேடிட்டு இருந்தாரு, பாட்டலு என்ற கையில இருந்துச்சு. எனக்கு இங்கிலீசு வராதுங்க, ஆனா ஒரே ஒரு வார்த்தை பாத்தாத் தெரியும். ஆர்கானிக்கு! என்ற கீரைத் தோட்டத்து போர்டுல பெயிண்டரு எழுதிக் குடுத்தது அதுதானே. அதே எழுத்து பாட்டல்லயும் இருக்குது. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், அடியில கப்பி தங்கி நிக்குது. ஏனுங்க, ஆர்கானிக்ன்னா எனக்கு யாராச்சும் சொல்லித்தரோணுமா? பஞ்சகவ்யம் அப்படித்தான், மீன் அமிலம் அப்படித்தான். சத்தெல்லாம் அடியில நிக்கும். குலுக்காம தெளிச்சா மேல் தண்ணிதான் கீரைக்குப் போகும். வருசம் பன்னண்டா நான் குலுக்கறேனுங்க. அந்தக் கை சும்மா இருக்குமா? ரெண்டு கையாலயும் நல்லா மேலயும் கீழயும்... பாட்டலு கெட்டியான பாட்டலு.

ஆனா அதைக் குலுக்கக் கூடாதாமா! அடியில நிக்கறது ஈஸ்ட்டாமா. கிளாஸைச் சாச்சுப் புடிச்சு, மெதுவா ஊத்தி, அடியில ஒரு விரக்கடை உட்டுரோணுமாமா. இதை மொதல்ல சொல்றதுக்கென்னங்க? கண்ணாடி தேடறதுக்குப் பதிலா என்ற கையைப் பாத்திருக்கலாமில்ல அவுரு? அப்பத் தப்பு யாரு மேல?



இன்னைக்குக் காலையில நவ்யா போன் பண்ணுச்சுங்க. ஒரு தடவையில்ல, மூணு தடவை. இன்னொரு பாட்டலு ஃபிரிட்ஜ்ல நட்டமா நிக்க வெச்சிருக்குதாமா, ஆரும் தொடலியாமா. "நாளைக்கு நான் கெளம்பறேன் அங்கிள். இன்னைக்கு வாங்க, தெளிவா ஊத்தித் தாரேன். நீங்க சொல்ற மார்க்கை அப்படியே எழுதிடறேன்"னுச்சு. நான் கேட்டேன், "அப்பா கூப்பிட்டாரா கண்ணு?" கதவைச் சாத்தற சத்தம் கேட்டுச்சுங்க. அப்புறம், "அப்பா ஒண்ணும் சொல்லலை, தெனமும் பதினோரு மணியானா பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டு வாராரு"ன்னுச்சு. ஸ்டாப்புக்குப் போறதெல்லாம் எனக்கெதுக்குங்க? அவரு காலு, அவரு ஸ்டாப்பு. வாயைத் தொறந்து கூப்பிடோணுமா வேண்டாமா?

காந்திபுரத்துல கீரையைப் போட்டுட்டு நான் தெனமும் இந்த பஸ்ஸுலதான் திரும்பறது. அது அவருக்குத் தெரியும். நல்லாவே தெரியும்.

சிங்காநல்லூரா? வந்துருச்சுங்களா? அய்யோ... சித்த முன்னால சாயுங்க. இன்னும் சித்த. பையைத் தூக்கிப் புடிங்க, ஆங், அப்படித்தான். அந்தக் கம்பத்துக்கிட்ட வெள்ளைச் சட்டை நிக்குதுங்களா? நெத்தியில கையை வெச்சுட்டு ஒவ்வொரு ஜன்னலாப் பாக்கறாரா? பாக்கட்டும். நான் குனிஞ்சுக்கறேன். நீங்க பாத்துச் சொல்லுங்க, கூப்படறாரான்னு.

ஏனுங்க ஏந்திரிக்கிறீங்க? கண்டக்டரை விசிலடிச்சு நிறுத்தச் சொல்லாதீங்க! உக்காருங்க, என்ற மூஞ்சி தெரியுது!

கெளம்பிருச்சுங்களா? நிமிரலாங்களா?

என்ன, கையைக் காட்டுனாரா? அது வேற ஆருக்காச்சும் இருக்கும். எனக்குன்னா பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டாரா?

கூப்பிட்டாரா? ராசப்பான்னேவா? பஸ்ஸு பின்னாலயே நாலெட்டு ஓடியும் வந்தாருங்களா? அந்த வலிக்கற முழங்காலை வெச்சுட்டா?

...எனக்குக் கேக்கலீங்க. கூடைக்குள்ள தலையை உட்டிருந்தேன், எப்படிக் கேக்கும்? எனக்குக் கேக்காததெல்லாம் கூப்பிட்ட கணக்குல வராதுங்க. நாளைக்கு அந்தப் புள்ளையும் போயிரும். அடுத்த வருசம் வரட்டும், அதுக்கடுத்த வருசம் வரட்டும், அந்த மனுசன் எனக்கு ஒரு கிளாஸு, ஒரு மார்க்கு பாக்கிதானுங்க. நீங்க சாட்சி.