கையுறையின் உள்பக்கம்

நீங்கள் கொடுத்த பேனா கொஞ்சம் தடிமனாக எழுதுகிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. பரவாயில்லை. மூன்று முடி பிரஷ்ஷில் சட்டைப் பொத்தான் வரைந்து பழகின கைக்கு எந்தப் பேனாவும் தடிமன்தான். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதினதாக இருக்கக் கூடாது, உன் கைப்பட எழுது என்றீர்கள். நல்ல யோசனை. வாயால் சொன்னால் நான் வளர்த்திவிடுவேன்.

என் பெயர் பொன்செல்வி. வயது முப்பத்தொன்பது. சங்கரன்கோவிலில் எங்கள் அப்பா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அதே கட்டடத்தில் குடியிருக்கிறேன். அனு என் தங்கை, பதினொரு வயது இளையவள். அவளுக்கு ஏழு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். பேன் பார்த்தது, தலை பின்னியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. உங்கள் படிவத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அக்கா என்று மட்டும் எழுதினால் போதாது.

தொழில் என்ற இடத்தில் உங்கள் ஏட்டம்மா ‘பொம்மை செய்தல்’ என்று எழுதியிருந்தார். இருக்கட்டும், தெரு முழுக்க அப்படித்தான் சொல்கிறது. வெளிநாடுகளிலும் பெங்களூரிலும் பெரிய பெரிய ஆட்கள் மேஜைமேல் போர் விளையாடுகிறார்கள். பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து, சிப்பாய்களை நகர்த்துகிற விளையாட்டு. ஒரு சிப்பாய் சுண்டுவிரலில் பாதி உயரம் இருப்பான். சிலர் உலகப் போரில் சண்டை போட்டவர்களைக் கேட்பார்கள். சிலர் வேற்றுக் கிரகத்துச் சண்டைக்கு நாலு கை முளைத்தவர்களைக் கேட்பார்கள். அனு கோவில்பட்டியில் இன்ஜினியரிங் படித்தபோது இதைத் தெரிந்துகொண்டு வந்தாள். அப்பா இறந்ததும் தறிகளை எடுத்துவிட்டு அங்கே சிப்பாய்களை அச்செடுக்கிற பிரிண்டர் மெஷினை வைத்தோம்.

ரெசினைப் பற்றிக் கேட்டீர்கள். அது தேன் பதத்தில் இருக்கும் ஒரு திரவம். மெஷினுக்குள் ஒளி பட்டு, அடுக்கடுக்காக இறுகி உருவமாகும். வெளியே எடுக்கும்போது பிசுபிசுவென்று இருக்கும். ஸ்பிரிட்டில் கழுவி மொட்டைமாடி வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். இறுகிய ரெசின் யாரையும் ஒன்றும் செய்யாது. இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது. ஒருமுறை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆயுசுக்கும் ஒத்துக்கொள்ளாது. இது பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. நான் எழுத்துக்கூட்டிப் படித்து, அர்த்தமும் கேட்டு வைத்திருக்கிறேன்.

மெஷின், கழுவுவது, கைகால் ஒட்டுவது, முகத்துக்கு வண்ணம் எல்லாம் அனு. சட்டை, பூட்ஸ், நிற்கிற தரை, அதில் புல், சேறு எல்லாம் நான். காக்கி என்றால் உங்களுக்கு ஒரே நிறம். எனக்கு ஏழு. அவள் வரைகிற முகத்தை என்னால் வரைய முடியாது. அதில் எனக்குப் பொறாமை இருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. அவள் முகம் வரையும்போது நாக்கைக் கொஞ்சம் துருத்திக்கொள்வாள். எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே பூட்ஸுக்குக் கறுப்புப் போடுவது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொரு வேலையும் என்னுடையதுதான். ரெசின் தொடும்போது போடுகிற நீலக் கையுறையை மற்றவர்கள் ஒரு தடவை போட்டுவிட்டு எறிந்துவிடுவார்கள். எங்களுக்கு மனசு வராது. நான் அவற்றைக் கழுவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பவுடர் போட்டு, கொடியில் கிளிப் மாட்டி உலர்த்தி வைப்பேன். அனு வந்து பார்க்காமலே கையை நுழைத்துக்கொள்வாள்.

முதல் தடவை நடந்தது நான் செய்ததல்ல. இதைத் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு கையுறையைத் திருப்பும்போது சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது. அனுவுக்கு விரல் இடுக்கெல்லாம் சிவந்து கொப்புளம் வந்தது. மூன்றாம் நாள் பனவடலிசத்திரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபித் தம்ளரை வாங்கினாள், அனுவின் விரலைப் பார்த்தாள், தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். குடிக்கவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

“போறாங்க விடுக்கா, காபியக் கூடக் குடிக்காதவங்க வீட்ல மனுசி இருப்பாளா” என்று அனு சிரித்தாள். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பூரி சுட்டுச் சாப்பிட்டோம். நல்ல சாயங்காலம்.

அதற்கு முன்னால் இரண்டு வாரமாக எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பயமாக இருந்தது. தறி ஓடின அந்தக் கூடம் நீளமானது. ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து வேலை பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவள் கடைக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அன்று பூரி சாப்பிட்ட பிறகு அந்தப் பயம் போய்விட்டது. நான் தூங்கினேன்.

அடுத்த சம்பந்தம் தை மாதம் வந்தது. அப்போது பர்மாக் காட்டுச் சண்டைக்கு நூற்றிருபது சிப்பாய்கள் கேட்டு ஒரு ஆர்டர். பாதிகூட முடியவில்லை. நடுவில் பேச்சு, நிச்சயம், ஜவுளி என்று ஆரம்பித்தால் வேலை என்ன ஆவது? ஆர்டர் முடியட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு சொட்டு ரெசினைப் பிரஷ் முனையில் எடுத்து, ஸ்பிரிட்டில் இளக்கி, கையுறையின் ஒவ்வொரு விரலுக்குள்ளும் தடவினேன். மெல்லிசாக. அனு கண் வரைகிற அளவு மெல்லிசாக. ஸ்பிரிட் ஆவியானதும் பவுடர் போட்டேன். கொஞ்சம் ஈரம் இருந்திருந்தாலும் வேர்வை என்றுதான் நினைத்திருப்பாள்.

வந்தவர்கள் அவள் கையைப் பார்த்து இது ஒட்டுவாரொட்டியா என்று என்னிடம் தனியாகக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வராது, அதனால் தெரியாது என்று சொன்னேன். பங்குனியில் ஒருவர் வந்தார். அவருக்கும் அப்படியே. அதற்குள் ஒரு சொட்டுகூடத் தேவைப்படவில்லை. உடம்பு அதை நன்றாக அடையாளம் கண்டுகொண்டுவிட்டது. முகத்திலும் தடித்தது.

சித்திரையில் கோமதிசங்கர் வந்தார். ராயகிரியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அவரும் அவர் அம்மா முத்துமாரியம்மாளும் மட்டும் வந்தார்கள். அனு காபி கொண்டு வந்தபோது கை தோலுரிந்து இருந்தது. முத்துமாரியம்மாள் தம்ளரை வாங்கி முழுசாகக் குடித்துவிட்டு, “வேல செய்யுத கை அப்படித்தான் இருக்கும். நாங்க கையப் பாத்தா பொண்ணு எடுக்கோம்?” என்றார்.

கோமதிசங்கர் தன் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். “இங்கன பாருங்க மதினி. வார்னிஷ்ல கெடந்து என் கையே கருத்துப் போய்த்தான் கெடக்கு. கல்யாணப் பத்திரிகையில ரெண்டு பேரு கையவும் போட்டோ புடிச்சுப் போட்டுருவோமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அனு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதை எப்படியும் விசாரிப்பீர்கள். வைகாசியில் ஒருநாள் கோமதிசங்கர் வந்து, கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடக்கிறது, மெஷினை அங்கே வைத்துக்கொள்ளலாம், நீங்களும் அங்கேயே வந்துவிடுங்கள் மதினி என்றார். அனு என் தோளில் சாய்ந்துகொண்டு, “வந்துருக்கா. நீ இல்லாம நான் மட்டும் என்ன செய்யப் போறேன்” என்றாள். யோசிக்கிறேன் என்று சொன்னேன். ஆகவே வேலை கெடும், நான் தனியாகிவிடுவேன் என்பதெல்லாம் அன்றைக்குப் பிறகு காரணமாக இருக்க முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வீட்டில் நான் யார் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு வரையும்போது எதிரே அவரும் வந்து உட்காருவார்.

அதற்குள் ஒரு தோல் டாக்டர் அனுவை ரெசின் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். கையுறை போடுகிற வேலை நின்றுபோனது. பத்தே நாளில் கை தெளிந்துகொண்டு வந்தது. டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதை டியூபிலிருந்து ஒரு டப்பாவுக்கு மாற்றி, வேப்பெண்ணெய் ஊற்றிக் குழைத்தேன். அவள் முன்னாலேயே குழைத்தேன். வேப்பெண்ணெய் நாற்றத்தில் வேறு எதுவும் தெரியாது. அவள் குளிக்கப் போனபோது ரெசினையும் சேர்த்தேன். முதலில் கால் பங்கு. பிறகு பாதி.

தினமும் விளக்கு வைத்த பிறகு நான்தான் தடவிவிடுவேன். கையுறை போட்டுக்கொண்டு தடவுவேன். “எதுக்குக்கா உனக்குக் கையுறை?” என்று ஒருநாள் கேட்டாள். “என் கை அழுக்கு உன் புண்ணுல படக் கூடாதுல்லா” என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. காலையில் விடிவதற்குள் எழுப்பி, சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். கூடத்து ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டினதே நான்தான். வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்தோடு வெளியே போகக் கூடாதென்று அவளிடம் மட்டும் சொல்லாமல் விட்டேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் அவளுக்குப் புரிந்துவிடும். எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் புரிந்துவிடும்.

“டாக்டர் மருந்தும் கேக்க மாட்டேங்கு, வேப்பெண்ணெயும் கேக்க மாட்டேங்கு. கல்யாணத்தன்னைக்குக் கைல மருதாணி வைக்க முடியுமாக்கா?” என்று அழுதாள். தள்ளிப்போடச் சொல்லுவோமா என்று கேட்டேன். அதை அவள் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை முத்துமாரியம்மாள் அனுவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் பெங்களூருக்கு அனுப்ப வேண்டிய பார்சலைத் தென்காசிக்குப் போகிற ஒருவரிடம் கொடுக்க ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயில் தாமதம். கோமதிசங்கர் பதினோரு மணிக்கு பைக்கில் வந்திருக்கிறார். மாமியார் வீட்டுக்குப் போகிறோம், கை கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று அனு அவளாகவே டப்பாவைத் திறந்து, இரண்டு புறங்கையிலும் விரலிலும் அப்பியிருக்கிறாள். நான் மெல்லிசாகத்தான் தடவுவேன். அவள் கனமாக அப்பிவிட்டாள். அப்படியே பைக்கில் ஏறிவிட்டாள்.

ராயகிரி வரைக்கும் நல்ல வெயில். ரெசின் இறுகும்போது சூடு வரும். சின்ன உருவத்தில் தெரியாது, கனமாக இருந்தால் சுடும். வழியெல்லாம் எரிந்திருக்கும். முதல் தடவையாக அவரோடு வண்டியில் போகிறவள், எப்படிச் சொல்வாள்? வீட்டு வாசலில் இறங்கினபோது விரல்களைப் பிரிக்க முடியவில்லையாம். கையின் மேல் கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக ஓடு கட்டியிருந்ததாம். முத்துமாரியம்மாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தண்ணீருக்கு அது அசையாது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர்கள் ஓட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். தோலும் கூடவே வந்துவிட்டது. வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். பிரஷ் பிடிக்கிற விரல்கள். அனு விழித்துத்தான் இருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வெயில் பட்டதும் எறுகிருச்சுக்கா” என்றாள்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டப்பாவைக் கோமதிசங்கர் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்தது மறுநாள். அதில் கலந்தது நான்தான். கையுறையில் தடவினதும் நான்தான். தெரிந்தே, ஒவ்வொரு தடவையும் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

விரல் மடங்காமல் போகும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அளவு பார்த்துத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடவில்லை, ஆவணியிலேயே வைத்திருக்கிறார்கள் என்று ஏட்டம்மா சொன்னார். இரண்டு கையிலும் கட்டு இருப்பதால் கோமதிசங்கர்தான் மூன்று வேளையும் ஸ்பூனில் ஊட்டுகிறாராம். அனுவுக்கு ஸ்பூன் பல்லில் பட்டால் கூசும். அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அரை வயிறாகப் படுத்திருப்பாள். உங்கள் ஜீப்பிலேயே என்னை ஒரு அரைமணி நேரம் கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட முடியுமா, இன்ஸ்பெக்டர் அம்மா? நான் பிசைந்து கொடுத்தால்தான் அவள் சாப்பிடுவாள்.