என் கை நழுவாது

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை போலிருக்கிறது, ஆடுகிறது. மாற்ற வேண்டாம் ஐயா, எனக்கு இதுதான் வசதி. அசையாமல் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. சாப்பிடும்போதுகூடக் கையில் எதையாவது உருட்டிக்கொண்டேதான் இருப்பேன். என் மனைவி வீட்டை விட்டுப் போவதற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. உங்கள் மேசைமேல் இருக்கும் அந்த ஆரஞ்சை நான் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள்ளலாமா? நன்றி.

மூன்று மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மினெகிஷி காத்திருப்பான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடந்தது விபத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடிபட்ட அவனே அப்படித்தான் சொல்லியிருக்கிறான். பந்து கை நழுவிப் போயிருக்கும் என்று நீங்களும் போலீஸ் அறிக்கையில் எழுதிக்கொண்டீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். என் கை நழுவாது.

சுவரில் மாட்டியிருக்கும் கொக்குப் படம் போட்ட அந்தக் கைவிசிறியைப் பார்த்தாலே தெரிகிறது, நீங்கள் வெண்கொக்குகள் அணியின் ரசிகர். ஆனால் என் போன்றவர்களை நீங்கள் பார்த்திருக்க வழியில்லை. மைதானத்தின் கதவு திறப்பதற்குள் எங்கள் வேலை முடிந்துவிடும். மட்டையாளர்கள் அடித்துப் பழகுவதற்காகப் பந்து எறிகிறவன் நான். பேஸ்பாலில் எறிகிறவன் எவனும் தன் பந்தை அடிக்க விடக்கூடாது என்று பாடுபடுவான். எனக்கோ அடி வாங்கத்தான் சம்பளம். வலைக்குப் பின்னால் நின்று எறிய வேண்டும், எறிந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அடிக்க வராத பந்து ஒன்று போய்விட்டால் தொப்பியைக் கழற்றித் தலைகுனிய வேண்டும். என்னைவிட இருபது வயது சின்னவனாக இருந்தாலும் குனிய வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் ஆட்டத்தில் எறிந்தவன்தான். வலக்கை மட்டையாளனின் முகத்துக்கு நேராக உள்ளே வளையும் பந்து ஒன்று என்னிடம் இருந்தது. இருபத்தாறு வயதில், தோள் போய்விட்டது என்று சொல்லி அணியிலிருந்து என்னை நீக்கினார்கள். மறுவாரமே இந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள். என் தோள் போகவில்லை ஐயா. அதைச் சொல்லி யாரிடம் சண்டைக்குப் போவது?

மினெகிஷி வந்து சேர்ந்தது, நாங்கள் கோப்பை வென்றதற்கு மறு வருஷம். அப்போதெல்லாம் அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. யார் எறிந்தாலும் அடித்தான், சிரித்தான், போனான். கோடையில் திடீரென்று அவன் மட்டையில் பந்து படாமல் போயிற்று. யார் யாரிடமோ போய்ப் பார்த்துவிட்டுக் கடைசியில் என் முன்னால் வந்து நின்றான். நான்கு நாள் எறிந்தேன். அவன் எங்கே தடுமாறுகிறான் என்று பார்த்து அங்கேயே எறிந்தேன். சரியாகிவிட்டான். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறைக்கு வெளியே எல்லோர் முன்னாலும் இடுப்பு வரை குனிந்தான்.

"அண்ணே, உங்க பந்து இல்லேன்னா நான் இந்நேரம் ஊருக்கு மூட்டை கட்டியிருப்பேன். நீங்கதான் என் சாமி."

"அட போடா, சாமிக்கு யாராவது பிசாத்து சோத்து உருண்டை வாங்கித் தருவாங்களா?" என்றேன். அவன் கையில் கடையில் வாங்கிய, உப்பில் ஊறிய பிளம் பழம் வைத்த சோற்று உருண்டை ஒன்று இருந்தது. பாதியைப் பிய்த்து என்னிடம் கொடுத்தான். அந்தச் சந்தோஷத்தை இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் அவன் மறுபடி வேறு ஆளிடம் போய்விட்டான். குணமானவன் வைத்தியரைத் தேடுவானா? அதில் தப்பே இல்லை. ஆனால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரவெல்லாம் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு நான் செய்தது மிகச் சின்ன விஷயம். அவனுக்குத் தொல்லை கொடுத்த பந்து, வெளி ஓரத்தில் தாழ்வாக வருவது. "அண்ணே, அதையே போடுங்க" என்று வந்து கேட்பான். நான் அதற்கு ஒரு பந்து அகலம் உள்ளே எறிவேன். எறிந்துவிட்டு, "இதுதாண்டா ஓரம்" என்பேன். அவன் பளார் பளார் என்று அடிப்பான். சந்தோஷமாக ஆட்டத்துக்குப் போவான். அங்கே நிஜமான ஓரத்தில் பந்து வரும், மட்டைக்கு எட்டாது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வருவான். ரொம்பத் துவண்டு போனால் நிஜ ஓரத்தை நாலு நாள் காட்டுவேன். தேறுவான். அப்புறம் மறுபடி கொஞ்சம் உள்ளே. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டினேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. தொட்டிலை ஆட்டுகிறவன் அசந்து தூங்கிவிடுவான். நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

மினெகிஷிக்கு ராசியானவன் என்று பெயர் வந்ததும் மற்றவர்களும் வரிசை கட்டினார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. வந்தவனுக்கு எது இனிக்குமோ அதைக் கொடுத்தேன். வெறும் இனிப்பையே தின்று வளர்ந்த பிள்ளைக்கு மற்ற எதுவும் தொண்டையில் இறங்காது. எங்கள் பிள்ளைகளுக்கும் அதுதான் நடந்தது.

அந்தப் பத்து வருஷத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆறு அணிகளில் ஆறாவது. எப்போதாவது ஐந்தாவது வந்தால் ஊரில் சாராயக்கடைக்காரன் முதல் கோப்பையை இலவசமாக ஊற்றினான். "ஏ கொக்குகளா, ஒத்தக்கால்ல நின்னது போதும், ரெண்டு காலையும் ஊனி ஓடுங்கடா!" என்று மேல் வரிசையிலிருந்து ஒருவர் கத்துவாரே, நீங்களும் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். பயிற்சியாளர்கள் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் அணி மொத்தமும் மைதானத்தில் வரிசையாக நின்று ரசிகர்களிடம் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கும். பின்வரிசையில் நானும் நின்று குனிந்தேன். எல்லோரையும்விட அதிக நேரம் குனிந்திருந்தது நான்தான் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். அது பொய்யில்லை. ரசிகர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

நடுவில் ஒரு தடவை டோக்கியோவின் பெரிய அணி ஒன்று மினெகிஷியைக் கேட்டது. போயிருந்தால் கோப்பை நிச்சயம். அவன் போகவில்லை. "அங்க எனக்கு யாருண்ணே பந்து போடுவா?" என்றான். சாவதற்குள் ஒரே ஒரு தடவையாவது கோப்பைக்கான அக்டோபர் மாத ஆட்டத்தில் நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதைக்கூட விட்டுவிட்டு எனக்காக இருந்தான். அப்படிப்பட்டவனை நான் எப்படிக் கைவிட முடியும்?

இந்த வருஷம் ஹோன்மா என்று ஒருவர் மட்டைப் பயிற்சி கொடுக்க வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். பந்து எறியும் எந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஓரம் என்று வைத்தால் ஓரத்தில்தான் பந்து விழும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. மழையில் என் முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நான் வரவில்லை. அந்த வாரம் பையன்கள் அந்த எந்திரத்தில் அடித்துப் பழகினார்கள். ஆறு ஆட்டத்தில் ஐந்தை ஜெயித்தார்கள். செப்டம்பரில் நாங்கள் மூன்றாவது இடத்தில் இருந்தோம். முதல் மூன்று அணிகளுக்குத்தான் அக்டோபரில் இடம்; இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தால் அக்டோபர். ஊரே தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை.

அன்று காலை மினெகிஷி எனக்கு ஒரு ஜோடி புதுக் காலணி வாங்கி வந்திருந்தான். வழக்கமாகப் புத்தாண்டுக்குத்தான் வாங்கித் தருவான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நாளையிலேர்ந்து நான் மெஷின்லயே அடிச்சுக்கறேன். இத்தனை வருஷம் எனக்காகத் தோளைத் தேய்ச்சுட்டீங்க. இனிமே ஓய்வெடுங்க. அக்டோபர்ல உங்களையும் கூட்டிட்டுப் போவேன், எனக்குப் பக்கத்துலயே உக்காந்து பாருங்க."

"உக்காந்தா?" என்றேன்.

"ஆமாண்ணே, ராஜா மாதிரி."

கடைசியாக ஒரு முறை எறிகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே போய் நின்றான். முதலில் அவனுக்குப் பிடித்த மாதிரியே எறிந்தேன், எல்லாவற்றையும் வேலிக்கு அப்பால் அனுப்பினான். "பாத்தீங்களாண்ணே" என்றான். பார்த்தேன். அவனுக்கு எந்தக் குறையும் இல்லை.

அப்புறம் விரல்களைப் பந்தின் தையல்மேல் பழைய மாதிரி வைத்தேன். அந்தப் பிடியைப் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று, ஆனாலும் விரல் மறக்கவில்லை. பாருங்கள், இந்த ஆரஞ்சில்கூட அங்கேதான் போய் நிற்கிறது. முழு பலத்தோடு எறிந்தேன். பந்து நினைத்த இடத்தில் வளைந்தது. வேறு யார் எறிந்திருந்தாலும் அவன் விலகியிருப்பான், தொழில்காரன். என் பந்துக்கு விலக அவன் உடம்பு கற்றுக்கொள்ளவே இல்லை. இன்னும் சொன்னால் ஓர் அடி முன்னே எடுத்து வைத்தான். நான் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தேன். அதை வைத்துத்தான் எல்லோரும் கை நழுவியது என்று முடிவு கட்டினார்கள்.

இடது கண் போய்விட்டது. மற்றதையும் கட்டி வைத்திருக்கிறார்கள், டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசுவதில்லை. அணி அடுத்தடுத்துத் தோற்று அக்டோபரை நழுவவிட்டது. அந்தச் செய்தியை நான்தான் அவனுக்கு மெல்லப் பக்குவமாகச் சொன்னேன். அழுதான். என் தோளில் சாய்ந்துதான் அழுதான்.

தினமும் போகிறேன். சோற்று உருண்டையைப் பிய்த்துக் கையில் கொடுக்கிறேன். அப்புறம் ஒரு ரப்பர் பந்தை மெதுவாகப் போடுகிறேன், சத்தத்தை வைத்துப் பிடிக்கப் பழகுகிறான். நேற்று நான்கைப் பிடித்துவிட்டான். "நாளைக்கும் வருவீங்கல்லண்ணே?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். இப்போதெல்லாம் வேறு யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று நர்ஸ் சொன்னாள்.

நீங்கள் ஏன் எழுந்து கதவைச் சாத்துகிறீர்கள் ஐயா? நான் எதையும் மறைக்கவில்லையே. வேண்டுமென்றேதான் எறிந்தேன், குறி பார்த்துத்தான் எறிந்தேன், கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் மூன்று மணிக்குள் என்னை விட்டுவிடுங்கள். நான் போகாவிட்டால் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?