கண் டெஸ்டுக்கு டியூஷன்

செலண்டாரிலிருந்து மலாக்கா போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள், நடுவில் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி.

“கண் டெஸ்டுக்கு டியூஷன் வச்சோம் லா, அக்கா.”

“கண்ணுக்கா?”

“கிளினிக் நர்ஸுங்க ஸ்கூலுக்கே வந்து பாக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. நம்ம தமிழ்ப்பள்ளி பேரு கெடக்கூடாதுல்ல? பெற்றோர் ஆசிரியர் சங்கமே அந்த எழுத்து அட்டைய வாங்கி, பிள்ளைங்கள மனப்பாடம் பண்ண வச்சுச்சு.”

“எல்லாம் பாஸா?”

“எல்லாரும் பாஸ். இவதான் ஃபர்ஸ்ட். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சிட்டா.”

“கெட்டிக்காரி. இப்ப எங்க கூட்டிட்டுப் போற?”

“கண்ணாடிக் கடைக்கு. போர்டுல எழுதுறது ஒண்ணும் தெரியலையாம்.”

“அந்த நர்ஸுங்ககிட்டயே சொல்லலாமே?”

“எப்படிக்கா? ஃபர்ஸ்ட் வந்த பிள்ளைக்கே கண்ணு தெரியலன்னா ஸ்கூல் மானம் என்னாகுறது?”