ஷைலாவின் முந்நூறு பாட்டுகள்

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் காபி போடுகிறேன். குழாயில் தண்ணீர் வந்தால் இரண்டு குடம் பிடிக்கிறேன். எட்டு மணிக்குக் கணபதிப் பகுதியில் உள்ள மோட்டார் பம்பு கம்பெனிக்கு வேலைக்குக் கிளம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். ஷைலா இறந்து நாற்பது நாளாகிறது. இதில் எதுவும் மாறவில்லை.

ஜெஃபின் மச்சான், உங்கள் தங்கைக்காக நீங்கள் தயார் செய்த நுகர்வோர் மனுவைப் படித்தேன். அதன் நியாயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. பதினோரு வருடமாகக் காசு கொடுத்து அவள் வாங்கிய முந்நூறு பாட்டுகள், அவற்றை விற்ற போன் கம்பெனியின் போனில் மட்டும்தான் பாடும் என்றால், அவள் வாங்கியதுதான் என்ன? எங்கள் மோட்டார் இறைத்த தண்ணீர் எங்கள் குழாயில்தான் ஓட வேண்டும் என்று நாங்கள் சொன்னால், பல்லடத்து விவசாயி எங்களைச் சும்மா விடமாட்டார். நானும் அந்தப் போன் கம்பெனிக்கு ஏழு கடிதம் எழுதினேன். ஏழுக்கும் ஒரே பதில், ஒரே எழுத்துப் பிழையோடு.

"சாகக் கெடந்த புள்ளைக்குக் கடைசி மூணு வாரம் ஒரு பாட்டுக் கேக்கக் குடுத்து வெக்கல மாப்ள. அவனுகள உடக் கூடாது. நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றீர்கள்.

போட முடியாது. மனுவின் நான்காவது பத்தியில் 'போன் பழுதானதால்' என்று இருக்கிறது. அது நான் உங்களிடம் சொன்னது.

படுக்கையோடு ஆன பிறகு அவள் நாள் முழுவதும் பாட்டுக் கேட்டாள். வலி தெரியவில்லை என்றாள். நான் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரு பக்கத்து இயர்போனை மட்டும் கழற்றுவாள். இருக்கிற கொஞ்ச நாளில் என்னோடு பேசட்டும் என்று நினைத்தேன். புருஷன் அப்படி நினைப்பதில் தவறில்லை. போன் கெட்டுவிட்டது என்று சொல்லி எடுத்துப் போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வேறு கம்பெனி போன் வாங்கிக் கொடுத்து, பழைய பாட்டு இதில் வராது, அது அவர்கள் விதி என்றேன். அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது. இலவசப் பாட்டுப் போட்டுக் கொடுத்தேன். நடுவில் ஒரு விளம்பரம் கத்தியது. அணைத்துவிட்டாள்.

அதன் பிறகும் அவள் பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வந்த பங்காரம்மா, "புள்ள துணியக் கடிச்சே கிழிச்சுப்போடுச்சுங்க" என்று காட்டினார். அப்போதும் நான் பீரோவைத் திறக்கவில்லை. என்றாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று, அவள் தூங்கும் நேரம் பார்த்து அந்தப் போனுக்குச் சார்ஜ் ஏற்றி வைத்தேன். அது நன்றாகத்தான் வேலை செய்தது.

இயேசுவின் பெயரைச் சொல்லித்தான் கண்ணை மூடினாள் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அதுவும் பொய். அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தேன். அவள் சொன்னது இது:

"ஏனுங்க, பீரோவுக்குள்ள இருக்கற என்ற பழைய போன் தெனமும் மத்தியான செபத்துக்கு அலாரம் அடிக்குதுங்க. நீங்க வேலைக்குப் போயிருவீங்க, உங்களுக்குத் தெரியாது. ஆருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு பங்காரம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன். உங்களத் தப்பா நெனச்சுக்குவாங்க."