கனடாவில் கிடந்த றேடியோ

தன்னாமுனைச் சோதனைச் சாவடியில் எங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற நரைத்த தலைக்காரர், தனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொன்னார்:

"என்ட றேடியோ கனடாவிலதான் கிடந்தது."

"அங்க கிடந்தா இஞ்ச எப்பிடி அண்ணன் கேக்கிற?"

"சண்டைக்குள்ள வெளிநாட்டு ஆக்களோட கதைக்கிற செற் வெச்சிருக்கப் பயந்து, என்டதப் பொலிசில ஒப்படைச்சிட்டன். கனடாவில என்ட தம்பி தன்ட அமெச்சூர் செற்ற இன்டர்நெற்றோட இணைச்சு விட்டான். மூணு கிழமையா போன்ல சொல்லித் தந்துதான் சரிவந்தது. டவுன்ல இன்டர்நெற் கடையில இருந்து, நானே அலைவரிசைய மாத்தி மாத்திக் கேப்பன்."

"தம்பி மோசம் போய், செத்தவீடும் முடிஞ்சதெண்டு கேள்விப்பட்டன். அப்ப றேடியோ?"

"அது பாட்டுக்கு ஓடினது. நானும் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தன். இப்ப அவன்ட பெஞ்சாதி வீடு மாறுறா. தன்ட கையால அத நிப்பாட்ட ஏலாதெண்டு அழுதா."

வரிசை சற்று நகர்ந்தது. இருவரும் அடையாள அட்டையைக் கையில் எடுத்தார்கள்.

"பிறகு என்ன செய்த?"

"நேத்து நானே இஞ்ச இருந்து நிப்பாட்டினன். நிப்பாட்டிப்போட்டு, கடைக்காரன் வந்து எழும்பச் சொல்லுமட்டும் ஹெட்போனக் கழட்டாம இருந்தன்."