தம்பியின் நெஞ்சு அடித்தது

சாவகச்சேரியில் பஸ் புறப்படும் நேரத்தில் நரைத்த மனிதர் ஒருவர் ஓடிவந்து ஏறினார். எனக்கு முன் இருக்கையில், மரக்கறிப் பையோடு இருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். தெரிந்தவர்கள் போலும்.

"என்ன அண்ணை, இப்பிடி மூச்சு வாங்குது?"

"ஓடினது பிள்ளை, இப்ப அடங்கிடும். என்ரை தம்பிக்கு, கட்டிலிலை அசையாமல் கிடந்தவனுக்கு, நான் கூப்பிட்டவுடனை நெஞ்சு படபடவெண்டு அடிச்சது."

நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதை விட்டேன்.

"வேலிக் கதியாலை என்ரை காணிக்குள்ளை தள்ளி நட்டிட்டான் எண்டு சண்டை. அதோடை கதை பேச்சை விட்டனாங்கள். கலியாணவீடு, செத்தவீடு ஒண்டுக்கும் போறேல்லை. கடைசியிலை அவன்ரை பெண்சாதிதான் ஆசுப்பத்திரிக்கு வரச்சொல்லி ஆளனுப்பினவ. கண் திறக்கேல்லை. கிட்டப் போய்க் கூப்பிட்டன். உடனை நெஞ்சடிப்புக் காட்டுற மிசினிலை இலக்கம் ஏறத் தொடங்கிட்டுது. அவனுக்கு என்னிலை இன்னும் கோபம் தீரேல்லை, நான் கிட்ட நிண்டால் அவன்ரை உயிருக்கு ஆபத்து எண்டு பயந்து வெளியிலை வந்திட்டன். பிறகு உள்ளுக்குப் போகேல்லை. விடியச் செத்துப்போனான்."

"என்ன சொல்லிக் கூப்பிட்டனீங்கள்?"

"தம்பி எண்டுதான். வேறை என்னெண்டு கூப்பிடுறது?"

அந்தப் பெண் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சந்தோசத்திலையும் நெஞ்சு அப்பிடித்தான் அடிக்கும், அண்ணை."

பஸ் மீசாலையைத் தாண்டியது. பெரியவரின் மூச்சு எப்போதோ அடங்கியிருந்தது.

"அண்டைக்கு ஒருத்தரும் எனக்கு அதைச் சொல்லேல்லையே, பிள்ளை," என்றார்.