எல்லாருக்குமான புதன்கிழமை

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, துணையை இழந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவர் ஐயா அவர்களே, பெற்றோர்களே, என் பிள்ளைகளே, வணக்கம்.

தலைமையாசிரியர் என்ற முறையில் இதே மேடையில் நீங்கள் கொட்டாவி விடும் வரை பேசியவன் நான். இன்று சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். எங்கள் அறிவியல் ஆசிரியை, நீங்கள் எல்லாரும் செல்லமாக ‘வராண்டா டீச்சர்’ என்று கூப்பிட்ட அந்தப் பெருந்தகை, போய்விட்டார். அவரோடு அவருடைய புதன்கிழமை வகுப்பும் போய்விடுமோ என்ற பயம் வேறு என்னை வாட்டுகிறது.

ஏன் வராண்டா டீச்சர்? புதன்கிழமை வகுப்பில் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்பார். கேட்ட கையோடு வெளியே வராண்டாவில் வந்து நின்றுகொள்வார். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, “வகுப்புல டீச்சரே இல்ல, சந்தைக்கடை மாதிரி சத்தம்!” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். சுவரில் காதை வைத்து நின்ற நம் டீச்சர் என்ன சொன்னார் தெரியுமா? “மெதுவா பேசுங்க சார்! நான் உள்ள இருந்தா என் முகத்தைப் பார்த்தே விடையைக் கண்டுபிடிச்சிடுவாங்க. இப்பதான் யோசிக்கிறாங்க.” அடுத்த நிமிடம் அதிகாரியும் சுவரில் காதை வைத்தார்!

அந்த வகுப்பு முதலில் நன்றாகப் படிப்பவர்களுக்கு மட்டும்தான் நடந்தது. மற்றவர்கள் அந்நேரம் பழைய பாடத்தையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். “திறமையைக் கண்டுபிடிக்கத்தானே சார் இந்த வகுப்பு? அதுக்கு முன்னாடியே வெளியே நிறுத்தினா எப்படி?” என்று டீச்சர் என்னோடு மல்லுக்கு நின்றார். எல்லாரையும் சேர்த்துக்கொண்டோம்.

உடனே முதல் ரேங்க் மாணவியின் தாயார் கொதித்துப்போய் வந்தார். “மத்தவங்களுக்காக என் பொண்ணு ஏன் காத்துக்கிடக்கணும்?” நியாயமான கவலைதானே? டீச்சர் ஒரு மாதம் அவகாசம் கேட்டார்.

அந்த மாதத்தில் ஒரு கேள்வி: மூடிய அறைக்குள் பேசுவது வெளியே எப்படிக் கேட்கிறது? “காத்து வழியா” என்று சொல்லிவிட்டு முதல் ரேங்க் மாணவி கையைக் கட்டிக்கொண்டாள். வாயே திறக்காத கடைசி பெஞ்சுக்காரி எழுந்தாள். “எல்லாம் மூடியிருக்கே, காத்து எப்படி வெளியே போகும்?” முன்னவள் கட்டிய கையைப் பிரித்தாள். இருவரும் மேசையில் காதை வைத்தார்கள், சுவரைத் தட்டினார்கள், மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. மறுநாள் தாயார் மறுபடி வந்தார். “என்ன பண்ணீங்க டீச்சர்? சாப்பிடாம தட்டையே தட்டித் தட்டிக் கேட்டுக்கிட்டிருக்கா!”

அன்று யாருக்கு லாபம்? பேசத் தயங்கியவளுக்கா? விடை தெரிந்தவளுக்கா? இருவருக்கும் அல்லவா!

தாளாளர் அவர்களே, டீச்சருக்குப் பின் தேர்வு வைத்து இருபது பேரை மட்டும் இந்த வகுப்புக்கு எடுக்கலாம் என்று சொன்னீர்கள். வகுப்பெடுக்க ஆள் இல்லாத உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் யாரைக் கழிப்பது? அந்தத் தேர்வை வைத்திருந்தால் கடைசி பெஞ்சுக்காரி வாசலைத் தாண்டியிருப்பாளா? மன்னியுங்கள், அதை நான் நடத்த மாட்டேன்.

நானும் கணக்கு ஆசிரியரும் விளையாட்டு ஆசிரியரும் சேர்ந்து அந்த வகுப்பை எடுப்போம். டீச்சரைப் போல எங்களுக்கு வராது. தடுமாறுவோம், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்!

இதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன். பிள்ளைகளே, நாளை புதன்கிழமை. ஒருத்தர் விடாமல் வந்துவிடுங்கள்.